பெயர் இரண்டு, பிள்ளை ஒன்று

நாகூரில் பஸ் ஏறிக் காரைக்கால் பக்கம் புறப்பட்டீர்களானால், கண்டக்டர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் ராஜ்யம் மாறிவிடும். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. எல்லையைத் தாண்டியதும் முதலில் வரவேற்கும் ஊர் கீழவாஞ்சூர். 1954 நவம்பர் 1 வரையில் இங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி நடந்தது. 2009 முதல் கப்பல் வந்து நிற்கிற துறைமுகம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் சிலர் சாயங்கால வேளைகளில் இந்த ஊருக்கு வருவார்கள். எதற்கு வருகிறார்கள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. வரியில் வித்தியாசம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் போன காரணம் வேறு. மூன்று மாதமாகப் பைதான் என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொண்டு வருவதாக இந்தப் பக்கத்தில் ஒரு தடவை பீற்றிக்கொண்டேன் அல்லவா? அது என் தப்பு. நம் தொடர்கதையை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கும் கீழவாஞ்சூர் அம்மாள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டிருந்தார். கடிதத்தில் இரண்டே வரி. "தம்பி, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நாகூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகவும்."

போனேன். மோர் கொடுத்தார்கள். மகள் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். பழைய லாப்டாப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடித்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிக்கிறார்கள். வசூல் செய்து பாங்கில் கட்டுவது இந்த அம்மாளின் பொறுப்பு. வைகாசியில் நான்கு பேர் கொடுத்தார்கள், மூன்றாமவர் கொடுக்கவில்லை. அவருடைய புருஷன் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். கரையில் படகு நிற்கிறபோது கையில் காசு ஏது? தடை முடிந்து படகு இறங்கியதும், ஆனி மாதத்துப் பணத்தை அந்த அம்மாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வைகாசி பாக்கி மட்டும் பாக்கி.

ஆக, வைகாசிக்கு 800, ஆனிக்கு 1000, மொத்தம் 1800. பாங்கில் கட்டியதும் 1800. இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மகள் கணக்கைப் பைதானில் ஏற்றியிருந்தாள். மாதக் கடைசியில் ஐந்து பெண்களும் கூடியபோது லாப்டாப்பைத் திறந்து பெருமையோடு காட்டினாள். அது சொன்னது: வைகாசி 1000, ஆனி 1000, மொத்தம் 2000!

அப்படியானால் 200 ரூபாய் எங்கே?

யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லையாம். அதுதான் அந்த அம்மாளைச் சுட்டுவிட்டது. "கம்ப்யூட்டருல வந்திருக்கே அக்கா" என்று ஒருத்தி மட்டும் சொன்னாளாம். பதினோரு வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிய கை. அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்த இரண்டாம் மாதமே இந்தப் பேச்சு. வைகாசியில் பணம் கொடுக்காத அந்த மூன்றாமவரே எழுந்து, "நான்தான் வைகாசியில கொடுக்கவே இல்லையே அக்கா" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றி என்ன? திரையில் அவர் கொடுத்ததாகவே இருக்கிறது!

"நான் வைகாசியைத் தொடவே இல்லை அண்ணே, சத்தியமா" என்றாள் பெண். அவள் எழுதியிருந்ததைப் பாருங்கள். பைதானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அந்தச் சௌகரியம் உண்டு.

வைகாசி = [200, 200, 0, 200, 200]
ஆனி = வைகாசி
ஆனி[2] = 200

முதல் வரி ஒரு ஜாபிதா. சதுர அடைப்புக்குறிக்குள் ஐந்து எண்கள். மூன்றாம் இடத்தில் பூஜ்யம், பணம் வரவில்லை. இரண்டாவது வரியில், ஆனிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தானே என்று வைகாசியை அப்படியே ஆனிக்கு எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வரியில், ஆனியில் மூன்றாமவர் கொடுத்த 200-ஐப் பதிவு செய்தாள். (மூன்றாமவருக்கு எதற்கு 2 என்று கேட்பீர்கள். இந்தப் பாஷை பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. முதல் ஆள் 0, இரண்டாம் ஆள் 1, மூன்றாம் ஆள் 2. ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.)

நீங்களும் நானும் படித்தால், மூன்றாவது வரி ஆனியை மட்டும்தான் தொடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு வைகாசியைக் காட்டச் சொன்னால், ஐந்து இடத்திலும் 200 நிற்கிறது. பூஜ்யம் போன இடம் தெரியவில்லை.

நான் மோரைக் கீழே வைத்தேன். எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. ஏனென்றால் போன மாதம் இதே பள்ளத்தில் நான் விழுந்து எழுந்திருந்தேன். என் விஷயத்தில் போனது பலசரக்கு ஜாபிதா மட்டும், யார் மானமும் இல்லை.

வாசகர்களே, இந்த இடத்தில் நிதானமாக என்னோடு வாருங்கள். சங்கதி மொத்தமும் இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பெயர் என்பது ஒரு டப்பா, மதிப்பு என்பது அதற்குள் இருக்கும் சரக்கு என்று. இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவில் சீரகத்தைக் கொட்டினால், இரண்டும் வேறு வேறு சீரகம். ஸி என்ற இன்னொரு கம்ப்யூட்டர் பாஷைக்கு இந்த டப்பாக் கதை பெரும்பாலும் பொருந்தும். பைதானில் பொருந்தாது. பைதானில் பெயர் டப்பா அல்ல, வெறும் பெயர்தான்.

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு எத்தனை பெயர்! ரேஷன் கார்டில் ஒன்று, பாட்டி வாயில் "பாப்பா". கார்டில் இருக்கிற பெண்ணும் பாப்பாவும் இரண்டு பேரா? பாப்பாவுக்கு மொட்டை அடித்தால், கார்டுப் பெயர்க்காரிக்கு மட்டும் கூந்தல் இருக்குமா? வைகாசி என்பது ஒரு பெயர். ஆனி = வைகாசி என்று எழுதியபோது, அந்தப் பெண் புது ஜாபிதா எதையும் உண்டாக்கவில்லை. இருக்கிற ஒரே ஜாபிதாவுக்கு "ஆனி" என்று செல்லப் பெயர் சூட்டினாள். பிறகு ஆனி என்று கூப்பிட்டு மொட்டை அடித்தாள். வைகாசியின் தலையும் வழுக்கையாயிற்று.

"அப்படின்னா நம்பருக்கு மட்டும் ஏன் சரியா வருது?" என்று மடக்கினாள். கெட்டிக்காரப் பெண். கணக்கை ஏற்றுவதற்கு முன் பரீட்சை செய்து பார்த்திருக்கிறாள்:

அ = 5
ஆ = அ
ஆ = ஆ + 1

இப்போது ஆ என்றால் 6, அ என்றால் 5. ஒன்று மாறியும் மற்றது மாறவில்லை. இதை நம்பித்தான் ஜாபிதாவிலும் இறங்கியிருக்கிறாள். இந்த இடத்தில்தான் நான் ஒரு வாரம் தடுமாறினேன்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அது 5 என்ற எண்ணைப் பிடித்து 6 ஆக மாற்றவில்லை. 5-ஐ யாராலும் மாற்ற முடியாது, அது 5-ஆகவே இருக்கும். ஐந்தோடு ஒன்றைக் கூட்டிப் புதிதாக 6 என்று ஒன்று கிடைக்கிறது. ஆ என்ற பெயரை 5-இலிருந்து அவிழ்த்து அந்த ஆறின் கழுத்தில் கட்டுகிறது. அவ்வளவுதான். பெயர் இடம் மாறியதே தவிர, பொருள் மாறவில்லை. ஆனால் ஆனி[2] = 200 என்பது வேறு ஜாதி வேலை. அது பெயரை அவிழ்ப்பதில்லை. அந்தப் பெயர் காட்டும் வீட்டுக்குள் நுழைந்து, மூன்றாவது அறையில் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறது. வீடு அதே வீடு. வைகாசி என்று விலாசம் விசாரித்து வருகிறவரும் அந்த வீட்டுக்குத்தான் வருவார்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது அதே "=" குறி. அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. இந்தக் குறியை 1557-இல் ராபர்ட் ரெகார்டு என்ற வேல்ஸ் தேசத்துக் கணித ஆசிரியர் புஸ்தகத்தில் போட்டார். இரண்டு பக்கமும் சமம் என்று அர்த்தம். 1957-இல் ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கஸ் கோஷ்டியார் ஃபோர்ட்ரான் பாஷையைக் கொண்டுவந்தபோது, அதே குறியை "இதை இதற்கு வை" என்ற உத்தரவாக்கினார்கள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று அல்கால் என்ற பாஷைக்காரர்கள் சமக்குறிக்கு முன்னால் இரண்டு புள்ளி போட்டு வேறுபடுத்தினார்கள். உலகம் கேட்கவில்லை, புள்ளியில்லாத குறியே பெரும்பாலும் நிலைத்துவிட்டது. ஹாலந்துக்காரரான கீடோ வான் ரோஸம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைதானை எழுத உட்கார்ந்தபோது, அவரும் அதையே எடுத்துக்கொண்டார். 1991-இல் வெளியான அந்தப் பாஷைக்கு மலைப்பாம்பின் பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, ஒரு பி.பி.சி. ஹாஸ்ய நிகழ்ச்சியின் பெயரில் பாதி அது. பைதானையே அடித்தளமாக வைத்து முத்து அண்ணாமலை "எழில்" என்று ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் பாஷையே செய்திருக்கிறார். அதில் ஒன்றைத் திரையில் காட்ட "பதிப்பி" என்று எழுதினால் போதும்.

நிற்க. பெண்ணுக்கு வேண்டியது சரித்திரம் அல்ல, தனியாக ஒரு நகல். நகல் என்றால் என்ன என்பதைக் காரைக்கால் சீமையில் விளக்க வெகு தூரம் போக வேண்டாம்.

பிரெஞ்சுச் சிவில் சட்டப்படி பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றின் பதிவேடு இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்று ஊரில், மற்றது கோர்ட்டில். போதாதற்கு, 1776-இல் ராஜா பதினாறாம் லூயி பிறப்பித்த உத்தரவின்படி, குடியேற்ற நாடுகளிலிருந்து இன்னொரு பிரதி கப்பலேறி வெர்சேல்ஸ் நகரத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. காரைக்காலின் பழைய ஏடுகள் இப்படிப் போய்ச் சேர்ந்து, இன்று தெற்குப் பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்ற ஊரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இது செல்லப் பெயர் அல்ல, அசல் நகல். ஊர்ப் பிரதியில் ஓரத்தில் ஒரு திருத்தம் எழுதினால், மற்றப் பிரதி தானாகத் திருந்தாது. அங்கேயும் ஒருவர் பேனாவை எடுத்து எழுத வேண்டும். ஒரு பிரதியில் எழுதி மறு பிரதியில் எழுதாமல் விட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு விதமான பெயர் எழுத்து ஆகிவிடும். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அந்த மாதிரி வேளையில் ஓர் எழுத்துக்கு என்ன விலை என்பதைப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"எங்க ஊர்க்காரங்க ரெண்டு புஸ்தகத்தையும் ஒப்பிட்டே ஆயுசைக் கழிச்சாங்க" என்றார் அந்த அம்மாள். அதுவரை அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

பைதானில் நகல் எடுப்பது சுலபம். ஜாபிதாவின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து "காப்பி" என்ற கட்டளையைச் சேர்க்கலாம். அல்லது இப்படி:

ஆனி = வைகாசி[:]

முதலிலிருந்து கடைசிவரை அத்தனையையும் எடுத்துப் புதிதாக ஒரு ஜாபிதா செய் என்று அர்த்தம். பெண் மாற்றி எழுதி ஓடவிட்டாள். வைகாசியில் பூஜ்யம் திரும்பி வந்து உட்கார்ந்தது. மொத்தம் 1800. அம்மாள் திரையைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தார்.

எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். பெண் விடவில்லை. உற்சாகம் வந்துவிட்டது. வருஷம் முழுவதற்கும் சேர்த்தே ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று, ஐந்து பூஜ்யங்கள் கொண்ட வரிசையைப் பன்னிரண்டால் பெருக்கினாள்:

வருஷம் = [[0] * 5] * 12

பார்க்கப் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஐந்து இடம். ஆடி மாதத்தில் ஒரே ஒரு 200-ஐப் பரீட்சைக்காகப் போட்டாள். பன்னிரண்டு மாதத்திலும் 200 முளைத்தது! "மறுபடியும் பாப்பாவா அண்ணே?" என்றாள். மறுபடியும் பாப்பாதான். பன்னிரண்டு வரிசை உண்டாகவில்லை. ஒரே வரிசையைப் பன்னிரண்டு இடத்தில் சுட்டிக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே வரிசை செய்யச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லி வைத்தேன். ஜாபிதாவுக்குள் ஜாபிதா இருந்தால், முன்னே சொன்ன [:] நகலும் முழுசாகக் காப்பாற்றாது. வெளி வீடு மட்டும் புதுசாகும், உள்ளே இருக்கிற ஜாபிதாக்கள் பழையவையே. உள்ளும் புறமும் புதுசாக வேண்டுமென்றால் "டீப்காப்பி" என்று தனியாக ஒன்று உண்டு.

"எதுக்கு இப்படி வம்பு பண்ணி வெச்சிருக்காங்க? கேட்டவுடனே நகல் கொடுத்தா என்ன?" என்று அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து பேர் ஜாபிதாவானால் கொடுத்துவிடலாம். ஐம்பது லட்சம் பேர் ஜாபிதாவை ஒவ்வொரு தடவை பெயர் மாற்றிக் கூப்பிடும்போதும் நகல் எடுத்தால், கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே கிடக்கும். இடமும் போதாது. தவிர, சில ஜாபிதாக்களை எல்லோரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பமாக இருக்கும். வீட்டுக்கு ஒரே ரேஷன் கார்டு. மாமியார் சர்க்கரை வாங்கியது மருமகள் போகும்போது அதில் தெரிய வேண்டாமா? ஆளுக்கு ஒரு நகல் வைத்திருந்தால் இரண்டு பேரும் சர்க்கரை வாங்கி வந்துவிடுவார்கள்! எனக்கென்னவோ பாஷையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆரம்பப் பாடத்தில் டப்பாக் கதை சொல்லிவிட்டு, அப்புறம் அதைத் திருத்த மறந்துவிடுகிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இரண்டு பெயரும் ஒரே ஆளா என்று சந்தேகம் வந்தால் பைதானையே கேட்கலாம். இரண்டு பெயருக்கும் நடுவில் "இஸ்" என்று போட்டால், ஒரே ஆள் என்றால் ஆம் என்கும், வேறு ஆள் என்றால் இல்லை என்கும். இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் அது வேறு கேள்வி. உருவம் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கு உருவம் ஒன்று, ஆள் இரண்டு. பெண் இதைப் பத்துத் தடவை விதவிதமாகப் போட்டுப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மூன்றாமவரே வந்துவிட்டார். கையில் 200 ரூபாய், வைகாசி பாக்கி. படகு இரண்டு தடவை போய் வந்ததில் பங்கு கிடைத்திருக்கிறது. பெண் சுறுசுறுப்பாக லாப்டாப்பை இழுத்து வைகாசி[2] = 200 என்று எழுதப் போனாள்.

"நிறுத்து" என்றார் அம்மாள். "முடிஞ்ச மாசத்துல கை வைக்கக் கூடாது. வைகாசியில வரலேன்னா வரலைதான். இது ஆடியில வந்த பழைய பாக்கி. அப்படித்தான் நோட்டுல எழுதுவேன்."

பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜாபிதாவின் சதுர அடைப்பை எடுத்துவிட்டு வளைந்த அடைப்புக்குறி போடச் சொன்னேன்:

வைகாசி = (200, 200, 0, 200, 200)

இதற்கு டியூப்பிள் என்று பெயர். ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான். உள்ளே நுழைந்து ஓர் எண்ணை மாற்றப் பார்த்தால் பைதான் தகராறு செய்து நிறுத்திவிடும். பெண் வேண்டுமென்றே வைகாசி[2] = 200 என்று அடித்துப் பார்த்தாள். திரை முழுக்கப் பிழை என்று வந்தது. அம்மாளிடம் லாப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"இது புரியுது" என்றார் அம்மாள். ஆடி மாதத்துக்குக் கீழே, பழைய பாக்கி 200 என்று தனி வரி எழுதச் சொன்னார். மூன்றாமவர் கூடவே குனிந்து அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு ஞாபகப்படுத்தினார்.